மொட்டைமாடியில் கிடந்த தொட்டியில் மறுபடி மீன் விடலாமா?

கேள்வி: எதிர்வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போகும்போது மூன்றடி மீன்தொட்டி ஒன்றை ஸ்டாண்டோடு 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நீளம் 36 அங்குலம், அகலம் 15, உயரம் 18. கண்ணாடி 6 மில்லிமீட்டர். மேலே சுற்றிலும் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடமாக மொட்டைமாடியில் கிடந்த தொட்டி. முதலில் கோல்டுஃபிஷ் வளர்த்தார்களாம். அவை மெலிந்து, சிலது முதுகு வளைந்து, ஒவ்வொன்றாகச் செத்துவிட்டனவாம். அப்புறம் கொஞ்ச நாள் அதிலேயே ஹாம்ஸ்டர் வளர்த்து, உண்ணி வந்ததற்கு ஏதோ ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். கண்ணாடியில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறது. கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையின் ஓரம் சில இடங்களில் நீலமாக இருக்கிறது, ஒரு மூலையில் நகத்தால் நெம்பினால் எழுந்து வருகிறது. மேல் மூலையில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. விம் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினால் போதுமா? பிள்ளைகள் பத்து கோல்டுஃபிஷ் வேண்டுமென்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

விம் போடாதீர்கள். இதை வாசிக்கும் முன்பே தேய்த்திருப்பீர்களோ என்றுதான் எனக்குக் கவலை. பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்புத் தூள், பினாயில், கழிவறை ஆசிட் எதுவும் மீன்தொட்டிக்கு ஆகாது. கண்ணாடியிலிருந்து கழுவிவிடலாம், சிலிக்கான் இடுக்கில் தங்குவதை எடுப்பது கஷ்டம். மீன் செவுளின் மேல்தோல் மிக மெல்லியது, சோப்பு முதலில் கெடுப்பது அதைத்தான். ஏற்கெனவே தேய்த்திருந்தால் பயப்பட வேண்டாம். கீழே சொல்லப்போகும் ஒரு வேலை அதற்கும் சேர்த்துத் தீர்வாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தொட்டியின் பழைய கதையை விசாரித்து எழுதியிருப்பது. கொளத்தூரில் இருபது வருடத்துக்கு மேலாகத் தொட்டி ஒட்டுகிறேன். பழைய தொட்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது 'ஒழுகுமா சார்?' என்றுதான். அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்பவர் அபூர்வம். ஒழுகும் தொட்டி கூடத்தை நனைக்கும், அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மீனைக் கொல்லும் தொட்டி பளிச்சென்று சுத்தமாகத்தான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் தவறால். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக் காலிசெய்தலில் நான்கடித் தொட்டி வாங்கினேன். இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கழுவி, ஒரு வாடிக்கையாளர் வீட்டில் வைத்துக் கொடுத்தேன். ஆறு ஏஞ்சல் மீன்கள். அன்று இரவே சுழன்று சுழன்று நீந்தி, விடிவதற்குள் எல்லாம் செத்திருந்தன. அந்த வீட்டுப் பெண்குழந்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: பழைய வீட்டில் அந்தத் தொட்டியைக் கரையான் மருந்து டப்பாக்கள் வைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 'இதில் என்ன வைத்திருந்தீர்கள்?' என்று கேட்காமல் நான் எந்தத் தொட்டியையும் தொட்டதில்லை.

ஆகவே உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த உண்ணி ஸ்பிரேதான். உப்பும் சில்லும் அதற்கு அப்புறம்.

வளர்ப்புப் பிராணிகளின் உண்ணிக்கும் வீட்டுக் கரப்பானுக்கும் அடிக்கிற பல ஸ்பிரேக்களில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள் இருக்கும். மனிதர்களையும் நாய்களையும் அவ்வளவாகப் பாதிக்காது. மீனுக்கோ கடுமையான விஷம், தண்ணீரில் மிகமிகக் குறைந்த அளவே போதும். பழைய சொந்தக்காரர்களுக்கு ஒரு போன் போட்டு ஸ்பிரேயின் பெயரைக் கேளுங்கள். டப்பா கிடைக்காவிட்டாலும், கடையில் வாங்கியதா, கால்நடை மருத்துவர் கொடுத்ததா, தொட்டிக்குள் அடித்தார்களா, பிராணியை வெளியே எடுத்து அதன்மேல் அடித்தார்களா என்பதாவது தெரியவேண்டும்.

உங்களுக்குச் சாதகமாகவும் சில இருக்கின்றன. இந்த மருந்துகள் வெயிலில் சிதையும், இரண்டு வருடத் திருச்சி வெயில் சாதாரணமானதல்ல. கண்ணாடி எதையும் உறிஞ்சாது. சிலிக்கான் அப்படியல்ல. எண்ணெய்ப் பசையுள்ள மருந்துகள், தின்னர், மண்ணெண்ணெய் போன்றவற்றை அது உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு தண்ணீரில் மெல்ல மெல்ல விடும். சந்தேகம் முழுக்க அந்தச் சிலிக்கான் ஓரப் பட்டையில்தான். அந்தப் பட்டையோ எப்படியும் ஒரு மூலையில் எழுந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும். ஒரே வேலையில் இரண்டு சிக்கலும் தீரும்.

எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். தொட்டியில் சிலிக்கான் இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்ணாடியும் கண்ணாடியும் முட்டும் இடத்தில் நடுவே ஒரு மெல்லிய படலம், தொட்டியைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். உட்புற மூலைகளில் விரலால் இழுத்துவிட்ட பட்டை, தண்ணீர் அந்தப் படலத்தை எட்டாமல் காப்பதற்கு. வெளியிலிருந்து டார்ச் அடித்து நடுப் படலத்தைப் பாருங்கள். கறுப்போ நிறமற்றதோ, ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. வெள்ளையாக மேகம் படர்ந்தது போலவோ, நீளமான காற்றுக்குமிழிகளோ, பிரிந்து வெள்ளிபோல் மின்னும் திட்டுகளோ தெரிந்தால் அதை ஓரத்தில் பூசிச் சரிசெய்ய முடியாது. தொட்டியை முழுதாகப் பிரித்து மறுபடி ஒட்டவேண்டும், அதை ஒட்டத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

நடுப் படலம் நன்றாக இருந்தால் உட்புறப் பட்டையை மட்டும் எடுங்கள். எழுந்த மூலையில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் பேஸ்ட் தடவி விடலாமே என்று தோன்றும். புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கான்மேல் சரியாகப் பிடிக்காது. ஒட்டியதுபோல் இருக்கும், ஒரு மாதத்தில் அதே இடம் கசியும். எல்லா மூலைகளிலும் பட்டையைக் கட்டர் பிளேடால் சீவி எடுங்கள். பிளேடு நுனி நடுப் படலத்துக்குள் நுழையாமல் சாய்த்துப் பிடிக்கவேண்டும். மிச்சமிருக்கும் பிசிறைச் சுரண்டி, மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் புதுப் பட்டை இழுக்கலாம். பேஸ்ட் வாங்கும்போது கவனம்: குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிக்கானில் மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்கு என்றே குறிப்பிட்டிருக்கும் சாதாரணச் சிலிக்கான் வேண்டும். காயும்போது வினிகர் வாசனை அடிக்கும். மறுநாளே கையில் ஒட்டாது, இருந்தாலும் ஒரு வாரம் காயவிடுங்கள், வாசனை அடியோடு போகவேண்டும்.

இந்தச் சீவல் வேலைக்கு முன்னால் கிருமி விஷயத்தைச் சொல்லவேண்டும், கையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. மெலிந்து, முதுகு வளைந்து, ஒவ்வொன்றாகச் செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு வயது, சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. மீன் காசநோயின் அறிகுறியும் இதுவேதான். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியாவும் அதன் உறவுக்காரக் கிருமிகளும் இதை உண்டாக்கும். மரைனம் கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக மனிதரையும் தொற்றும். சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக வரும், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடவேண்டியிருக்கும். ஆகவே தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் சுரண்டவேண்டும், கையில் காயம் இருக்கும் நாளில் வேண்டாம். பின்னாளில் எப்போதாவது அப்படி ஒரு கட்டி வந்தால், மருத்துவரிடம் வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

வெள்ளைப்புள்ளி நோய் போன்ற ஒட்டுண்ணிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். காய்ந்த தொட்டியில் மீனும் தண்ணீரும் இல்லாமல் அவை பிழைப்பதில்லை. காசநோய்க் கிருமி மட்டும் மெழுகுபோன்ற மேலுறை கொண்டது. காய்ந்துபோவதையும் குளோரினையும் மற்றக் கிருமிகளைவிட நன்றாகத் தாங்கும். அதற்கு 70 சதவீத ஸ்பிரிட் நன்றாகக் கேட்கும். ஆகவே என் வரிசை இது: முதல் நாள் உப்பைப் போக்குங்கள். வெள்ளை வினிகரில் துணியை நனைத்துக் கண்ணாடிமேல் ஒட்டிவைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு இளகிவிடும். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவிடுங்கள். மறுநாள் பிளீச். வினிகர் இருக்கும்போது பிளீச் ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிளீச்சிங் பவுடரைவிட வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் எனக்குப் பிடிக்கும். பவுடர் சுண்ணாம்பு மாதிரி படிந்து மறுபடி வெள்ளையாக்கிவிடும். 5 சதவீதத் திரவமென்றால் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர், பதினைந்து நிமிடம், பிறகு நன்றாக அலசுங்கள். கடைசியாக மீன்கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு கலந்த தண்ணீரில் ஒரு முறை கழுவி வெயிலில் வையுங்கள். அதற்கடுத்த நாள் பட்டையைச் சீவி எடுத்த பின், உள்ளே முழுக்க ஸ்பிரிட்டால் ஈரமாகத் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள். திறந்த வெளியில் செய்யவேண்டும், பக்கத்தில் விளக்கு, அடுப்பு இருக்கக்கூடாது.

நீலக் கறையைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் புளூ, மீன் வளர்ப்பவர்கள் பூஞ்சைக்கு ஊற்றும் மருந்து. சிலிக்கானில் ஏறினால் போகாது, கெடுதலும் இல்லை. எப்படியும் அந்தப் பட்டை இப்போது குப்பைக்குப் போகிறது. பழைய கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக் செடி ஏதாவது கூடவே வந்திருந்தால் அவற்றையும் தூக்கிப் போடுங்கள். காப்பாற்ற முயற்சி செய்யவேண்டாம்.

மேல் மூலைச் சில்லு நகக்கண் அளவில், விரிசல் கிளம்பாமல் இருந்தால் பரவாயில்லை. தண்ணீரின் அழுத்தம் கீழே போகப் போகத்தான் அதிகம், மேல் விளிம்பில் கிட்டத்தட்ட இல்லை. கையைக் கிழிக்காதபடி ஈரம் போட்டு நைஸ் எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். அதே சில்லு அடி மூலையில் இருந்திருந்தால், தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருப்பேன். 6 மில்லிமீட்டர் பற்றி: 18 அங்குல உயரத்துக்கு நான் ஒட்டினால் 8 போடுவேன். மேலே கண்ணாடிப் பட்டை இருப்பதால் உங்கள் தொட்டியைப் பயன்படுத்தலாம், ஆனால் தண்ணீரை 15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடியிடம் அதன் முழு பலத்தையும் கேட்கவேண்டாம் என்பது என் பழக்கம்.

இனி சோதனை. ஒழுகலையும் விஷத்தையும் ஒரே தண்ணீரில் பார்த்துவிடலாம்.

தொட்டியைக் கூடத்தில் வைக்காமல், தண்ணீர் கொட்டினாலும் நஷ்டமில்லாத இடத்தில், போர்ட்டிகோவிலோ பின்கட்டிலோ நிழலில் வையுங்கள். அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட் போடவேண்டும், தரையில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிந்துவிடும். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் சமமா என்று பாருங்கள், கொத்தனாரிடம் கேட்டால் கொடுப்பார். பக்கத்தில் புதிதாக வாங்கிய ஒரு பிளாஸ்டிக் வாளி. தொட்டியிலும் வாளியிலும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே நாளில். தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பாமல், கால் பங்கு ஊற்றி ஒரு மணி நேரம், அரை பங்கு ஊற்றி ஒரு ராத்திரி, பிறகு 15 அங்குலம். மூலைகளைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாள் விரித்தால் ஒரு சொட்டுக் கசிவும் கறையாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தில் டேப் ஒட்டிவையுங்கள்.

வாளி எதற்கென்றால், திருச்சி வெக்கையில் தண்ணீர் தினமும் சில மில்லிமீட்டர் ஆவியாகும். தொட்டியில் மட்டம் குறைந்ததைப் பார்த்து ஒழுகுகிறது என்று பயந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. வாளியிலும் அதே அளவு குறைந்திருந்தால் அது ஆவி. தொட்டியில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு. ஒரு வாரம் அப்படியே மூடாமல் விடுங்கள். அதற்குள் குழாய்த் தண்ணீரின் குளோரின் பறந்துவிடும், சிலிக்கானிலோ மூலையிலோ மிச்சமிருக்கும் எதுவும் தண்ணீரில் இறங்கியிருக்கும்.

இப்போது மீன்கடைக்குப் போய் உயிருள்ள மொய்னா கேளுங்கள். மீன்குஞ்சுகளுக்கு இரையாக விற்கும் நீர்ப்பூச்சி, ஊசிமுனையளவு இருக்கும், துள்ளித் துள்ளி நீந்தும். சில கடைகளில் டாஃப்னியா என்பார்கள். இரண்டும் நெருங்கிய இனம்தான். பூச்சிமருந்தும் செம்பும் இவற்றை மீனைவிட முந்திக் கொல்லும். ஆய்வுக்கூடங்களில் ஒரு ரசாயனம் நீர்வாழ் உயிர்களைப் பாதிக்குமா என்று பார்க்க டாஃப்னியாவை 48 மணி நேரம் விட்டுப் பார்ப்பது உலகெங்கும் உள்ள முறை. அதையே நீங்கள் இரண்டு கண்ணாடிப் புட்டியில் செய்யப்போகிறீர்கள்.

ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீர், அடிமூலைக்குப் பக்கத்தில் முகந்தது. மற்றதில் வாளித் தண்ணீர். கடையிலிருந்து வந்த மொய்னாத் தண்ணீரோடு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கி, ஒவ்வொன்றிலும் இருபது மொய்னாவை ஸ்பூனால் எடுத்து விடுங்கள். நிழலில், ஏர் பம்ப் இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கொரு தடவை எண்ணிப் பாருங்கள், பிள்ளைகளை எண்ணச் சொன்னால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. 48 மணி நேரம் கழித்து இரண்டு புட்டியிலும் அநேகமாக எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தால் உங்கள் தொட்டிமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டிலும் செத்தால் தண்ணீரிலோ மொய்னாவிலோ கோளாறு, வேறு தண்ணீரில் மறுபடி செய்யுங்கள். தொட்டிப் புட்டியில் மட்டும் செத்தால், இன்னொரு வாரம் புதுத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் அதில் மீன் வேண்டாம். மண் போட்டுச் செடி வளர்க்கலாம், மணி பிளான்ட் அழகாக வரும். 1,800 ரூபாய் போனதே என்று 'ரெண்டு கப்பி மீன் விட்டுப் பார்ப்போம்' என்று மட்டும் செய்யாதீர்கள்.

ஸ்டாண்டையும் பாருங்கள். 15 அங்குலம் நிரப்பினாலே தண்ணீர் சுமார் 130 கிலோ. கண்ணாடி, கல் சேர்த்தால் 170 கிலோவைத் தாண்டும். மாடி மழையில் கிடந்த இரும்பு என்றால் வெல்டிங் மூட்டுகளைச் சுத்தியால் தட்டித் துரு உதிர்கிறதா என்று பாருங்கள், சந்தேகமிருந்தால் வெல்டரிடம் காட்டுங்கள். தண்ணீரோடு தொட்டியை ஒரு அங்குலம்கூட நகர்த்தக்கூடாது. பழைய விளக்கு மூடி, பழைய மோட்டார் எல்லாம் வந்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தவேண்டாம், தண்ணீரில் கை விடுவது பிள்ளைகள்.

எல்லாம் தேறிவிட்டால், இன்னும் ஒன்று இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இவ்வளவு சுத்தம் செய்த தொட்டி பழைய தொட்டியாக இருந்தாலும் தண்ணீரைப் பொறுத்தவரை புத்தம் புதியது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனைக் கொட்டினால் நாலாம் நாள் அம்மோனியா ஏறி எல்லாம் மேலே வந்து வாய் திறக்கும், பழி தொட்டிமேல் விழும். ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவர் ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், நாள் குறையும். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டுக் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றவேண்டியிருக்கும்.

பிள்ளைகளிடம் பத்து என்பதை இரண்டு என்று சொல்லவேண்டியது உங்கள் பொறுப்பு, நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். கோல்டுஃபிஷ் கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும், நன்றாக வளர்ந்தால் உள்ளங்கையைத் தாண்டும், கழிவும் அதிகம். 130 லிட்டரில் இரண்டு மீன் பல வருடம் வாழும். ஒரு மீனை முதலில் விடுங்கள், இரண்டு வாரம் கழித்து அடுத்தது.

மொய்னா 48 மணி நேரம் தாண்டியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஸ்பிரேயின் பெயர் தெரிந்தால் அதையும்.